அந்தக் கை ஊரிலும் சமைக்கட்டும்

வெளிநாட்டு வேலை முடிந்தோ, லீவிலோ நைனார்பாளையத்துக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கும் வந்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு,



உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்படிக்குள் போய் ஒரு வேளைச் சாப்பாட்டை உங்கள் கையால் செய்யுங்கள். சோறு குழம்பு வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரர்கள் செய்யும் பன்சித் பிஹோன் செய்யுங்கள். மெல்லிய அரிசி நூடுல்ஸைக் கோழிச் சாற்றில் வேகவிட்டு, கறியும் காய்கறியும் சேர்த்துப் பிரட்டி எடுப்பார்களே, அதுதான். ரியாத்திலும் தோஹாவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்களுக்கு அதன் பெயர் மறந்திருக்கலாம், வாசனை மறந்திருக்காது. பக்கத்து ரூம் கபயானுக்கு, அதாவது பிலிப்பைன்ஸ்காரருக்கு, பிறந்தநாள் என்றால் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் மூடி எடுத்துவந்து நம் கதவையும் தட்டுவார்கள். மேலே நாலாக வெட்டிய அவித்த முட்டை இருக்கும். ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு இருக்கும். பாஷை தெரியாத ஊரில், நம்மையும் ஒரு பொருட்டாக மதித்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு அது.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், உங்களுக்குச் சமைக்கத் தெரியும். அதை நீங்கள் மறைத்தாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கே இருந்தவன். ரியாத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனியின் கிச்சனில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு நடுவே வெங்காயம் நறுக்கித் தொடங்கி, பிறகு அடுப்புக்கு நின்றவன். ஆனால் கிச்சனில் வேலை பார்த்தவர்கள் மட்டுமா சமைத்தார்கள்? கம்பி கட்டியவரும், ஏ.சி. மாட்டியவரும், டிரெய்லர் ஓட்டியவரும் ரூமுக்கு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தவர்கள்தான். திங்கள் இவர், செவ்வாய் அவர் என்று சுவரில் ஒட்டிய தாளில் முறை எழுதியிருக்கும். பக்காலா மளிகைக் கடையில் கணக்கு வைத்து அரிசியும் பருப்பும் வாங்கினோம். யாருடைய ரசம் நன்றாக இருக்கும், யாருக்கு மீன் குழம்பு கைவரும் என்பது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு டியூட்டி முடித்து வந்து, பத்துப் பேருக்குச் சோறு வடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தோம்.

ஊருக்கு வந்த மறுநாளே அந்தக் கை எங்கே போய்விடுகிறது? திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தால் தட்டு முன்னால் வருகிறது. தண்ணீர் சொம்பும் வருகிறது. இது பல வருஷம் பிரிந்திருந்ததற்கான உபசாரம் என்று முதல் வாரம் நினைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் அப்படியே நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

நாம் இல்லாத காலத்தில் வீட்டில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பருத்திக்கு மருந்தடிக்க ஆள் பிடித்தது யார்? மக்காச்சோளம் அறுக்க மிஷினுக்குச் சொல்லி, மூட்டை பிடித்து, சின்னசேலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வண்டி ஏற்றி, விலைக்காகக் காத்திருந்தது யார்? பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் போனது யார்? மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார்? நம் பாட்டையும் சேர்த்து வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள். அங்கே நாம் அவர்கள் பாட்டைக் கற்றுக்கொண்டோம். திரும்பி வந்த பிறகு அவர்கள் இரண்டையும் பார்க்கிறார்கள், நாம் ஒன்றையும் பார்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் “அங்கே எப்படிப்பா இருந்தீங்க?” என்று கேட்கும்போது நாம் உயரமான கட்டடங்களைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொல்கிறோம். நம் வாழ்க்கை அங்கே நடந்தது கட்டடங்களில் இல்லை, ரூமில்தான், அதிலும் அடுப்பைச் சுற்றித்தான். அதை வாயால் சொல்ல வராது. சமைத்துப் போட்டால் சொன்னதாகிவிடும்.

“சரி, அதற்குப் பன்சித் எதற்கு, சாம்பார் வைத்தால் ஆகாதா?” என்று கேட்பீர்கள். சாம்பார் வைத்தால் அம்மாவின் சாம்பாரோடு ஒப்பிடுவார்கள், உப்புப் பார்த்து யாராவது கரண்டியை வாங்கிக்கொள்வார்கள், பத்து நிமிஷத்தில் நீங்கள் மறுபடியும் நாற்காலிக்கு வந்துவிடுவீர்கள். பன்சித்தை இங்கே வேறு யாரும் செய்வதில்லை. அடுப்படியில் அன்றைக்கு விஷயம் தெரிந்த ஆள் நீங்கள்தான். ஒரே வாணலியில் முடிகிற வேலை. பிள்ளைகள் தட்டைக் காலி செய்வார்கள். சாயங்காலமானால் ரோட்டோரத் தள்ளுவண்டியில் சிவப்பு சாஸ் ஊற்றிக் கிண்டும் நூடுல்ஸுக்குக் காசு கேட்கிற பிள்ளைகளுக்கு, நூடுல்ஸ் என்றால் அது மட்டுமில்லை என்று காட்டவும் இது ஒரு வழி.

இதை விடவும் எனக்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பன்சித் என்பதே பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்களின் சாப்பாடு. தென்சீனத்தின் ஃபுஜியன் பகுதியிலிருந்து வியாபாரிகளும் கைத்தொழில்காரர்களும் மணிலாவுக்குப் போய்க் குடியேறினார்கள். அப்போது அந்த நாட்டை ஆண்ட ஸ்பானியர்கள் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். 1594இல் உருவான பினோண்டோ இன்றும் மணிலாவில் இருக்கிறது, உலகத்தின் மிகப் பழைய சீனர் குடியிருப்பு என்று அதைச் சொல்வார்கள். ஊரில் சாப்பிட்ட நூடுல்ஸை அவர்கள் போன இடத்திலும் செய்தார்கள், பிறகு தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். மணிலாவின் சுருட்டு ஆலைகளில் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். நாள் முழுக்கச் சுருட்டு சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அவர்கள்தான் அந்தத் தெரு வியாபாரிகளின் முதல் வாடிக்கைக்காரர்களில் இருந்தார்கள். பிறகு பன்சித் கடைகள் வந்தன. 1891இல் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோஸே ரிஸால் வெளியிட்ட ‘எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ’ நாவலில் மாணவர்கள் கூடி ஸ்பானிய ஆட்சியை நையாண்டி செய்து விருந்து சாப்பிடுவது ஒரு பன்சித் கடையில்தான். அந்தப் பன்சித்தைத்தான் இன்றைக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் கத்தாருக்கும் சவூதிக்கும் கொண்டுபோகிறார்கள். துபாய் கராமாவில் நம் ஆட்களின் ஹோட்டலும் அவர்களுடைய ஹோட்டலும் ஒரே தெருவில் இருக்கின்றன. ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களும் நாமும் ஒரே கூட்டத்தில்தான் இடித்துக்கொண்டு நடந்தோம்.

பிலிப்பைன்ஸ் நமக்குத் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். நம் வயலுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பானியோஸ் என்ற ஊரில் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1966இல் அங்கிருந்து வந்ததுதான் ஐ.ஆர். 8. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் நட்ட ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 எல்லாம் அங்கே பிறந்த நெல். வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் ஐ.ஆர். 8 கொடுத்த விளைச்சலைப் பார்த்த சந்தோஷத்தில் தன் மகனுக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்துக்குத் தலைமை இயக்குநராக இருந்தார். கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அவர்கள் ஊர் நெல் இங்கே சோறாகியிருக்கிறது, அவர்கள் ஊர்ச் சமையலும் இங்கே வரட்டும்.

இனிச் சமையல். வீட்டில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் நூடுல்ஸ். கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ரைஸ் நூடுல்ஸ், ரைஸ் வெர்மிசெல்லி என்று மெல்லிசாக, வெள்ளையாக, நீளமாக மடித்து வைத்த பாக்கெட் கிடைக்கும். கால் கிலோ போதும். பாயசத்துக்கு வாங்கும் கோதுமை சேமியா இதற்கு ஆகாது. நீள நூடுல்ஸ் கிடைக்காவிட்டால் பாக்கெட்டில் வரும் உலர்ந்த அரிசிச் சேவை வாங்கலாம். அது சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் ஊறவைக்க வேண்டாம்.

வீட்டில் அம்மா இருந்தால், “எதுக்குடா கடை நூலு, நான் இடியாப்பம் பிழிஞ்சு தரேன், அதுல போட்டுக் கிண்டு” என்பார். அன்போடு சொல்வதுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடியாப்பம் ஆவியில் முழுசாக வெந்து வருகிறது. அதைக் கொதிக்கும் சாற்றில் போட்டால் களியாகிவிடும். அரிசி நூடுல்ஸுக்கு அரிசியை மாவாக்கி, வேகவைத்து, இழையாகப் பிழிந்து, ஆறவிட்டு, காயவைக்கிறார்கள். வெந்து ஆறின அரிசியில் இருக்கும் மாவுச்சத்து மறுபடியும் இறுகிப் பிணைந்துகொள்ளும். மீந்த சோறு மறுநாள் விறைப்பாக உதிர்வதும் அதனால்தான். அந்த இறுக்கம் இருப்பதால்தான் நூடுல்ஸ் சாற்றை உறிஞ்சும், ஆனால் கரையாது. எலுமிச்சைச் சேவையில் நாம் வெந்த சேவைமேல் தாளிதத்தைப் போட்டுப் பிரட்டுகிறோம், ருசி வெளியே ஒட்டுகிறது. பன்சித்தில் நூடுல்ஸே சாற்றில் வேகிறது, ருசி உள்ளே போகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

ஆகவே சாறுதான் உயிர். எலும்போடு அரைக் கிலோ கோழி வாங்குங்கள். நாட்டுக்கோழியானால் கூடுதல் நேரம் எடுக்கும், சாறு அருமையாக இருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், நாலாக அரிந்த ஒரு வெங்காயம், தட்டிய பூண்டு நாலு பல், பத்து மிளகு, கொஞ்சம் உப்பு. குக்கரில் விசில் விட வேண்டாம், திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் கொதிக்கட்டும், மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். கறி வெந்ததும் எடுத்து ஆறவைத்து, எலும்பிலிருந்து கையால் பிய்த்து நாராக்கிக்கொள்ளுங்கள். சாற்றை வடிகட்டி வையுங்கள்.

அவர்கள் ஊரில் இதில் காய்ந்த சிறு இறாலும் போடுவார்கள், மீனைப் புளிக்கவைத்து இறக்கிய சாறும் ஊற்றுவார்கள். மீன் சாறு நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஆனால் சிறு இறால் நமக்குத் தெரியாததா? சந்தையில் கருவாட்டுக் கடையில் படியில் அளந்து கொடுக்கும் சென்னாக்குனிதான் அது. ஒரு கைப்பிடி வாங்கி, மண்ணும் தூசும் போகப் புடைத்து, வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, துணியில் முடிந்து சாற்றில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். கோழிச் சாற்றுக்குள் கடல் வாசனை இறங்கிவிடும். கபயான் சமைத்ததில் இருந்த, நமக்கு இன்னதென்று பிடிபடாத அந்த ருசியில் பாதி இதுதான். கருவாட்டு வாசனை ஆகாத வீடென்றால் விட்டுவிடலாம், பன்சித் கெட்டுப்போகாது.

பன்றி இறைச்சியைப் பற்றிக் கேட்பீர்கள். பிலிப்பைன்ஸில் அதையும் சேர்ப்பார்கள், சீனத் தொத்திறைச்சியும் சேர்ப்பார்கள். சவூதியில் அது கிடையாது என்பதால் அங்கிருந்த கபயான்கள் கோழியிலும் இறாலிலுமே செய்தார்கள். நாம் சாப்பிட்டுப் பழகியது அதுதான். அதையே செய்வோம்.

காய்களில் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் மூன்றும் கட்டாயம். அவர்கள் தட்டைப் பட்டாணிக் காயைத் தோலோடு போடுவார்கள், அதற்குப் பதில் பிஞ்சு அவரைக்காயைச் சாய்வாக அரிந்து போடுங்கள், நன்றாகவே பொருந்துகிறது. எல்லாமே மெல்லிசாக, நீளவாக்கில் இருக்க வேண்டும். நூடுல்ஸோடு சேர்ந்து வாய்க்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். சாறு கொதிக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரைக்கு நார் எடுக்கச் சொல்லுங்கள்.

வாணலியை ஏற்றுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நூடுல்ஸைச் சாதாரணத் தண்ணீரில் முக்கிவையுங்கள். சுடுதண்ணீர் கூடாது. விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும், வாயில் போட்டால் இன்னும் நறுக்கென்று இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிடுங்கள்.

வாணலி பெரிதாக இருக்கட்டும். கடலை எண்ணெய் நாலு கரண்டி விட்டு, பொடியாக நறுக்கிய பத்துப் பல் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, பாதியைத் தனியே எடுத்து வையுங்கள், கடைசியில் தூவ வேண்டும். மீதிப் பூண்டோடு நீளமாக அரிந்த வெங்காயம், அது வதங்கியதும் பிய்த்த கறி, ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ். பிறகு கேரட், பீன்ஸ், அவரை, கடைசியாகக் கோஸ். தீயைக் கூட்டி வைத்து இரண்டு நிமிஷம் புரட்டினால் போதும். காய் பாதி வெந்த நிலையில், நிறம் மாறாமல் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிவிடுங்கள்.

அதே வாணலியில் 700 மில்லி சாறு ஊற்றி, இன்னும் இரண்டு மேஜைக்கரண்டி சோயா சாஸும் தாராளமாக மிளகுத்தூளும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கருத்த, உப்புக் கூடின சோயா சாஸ், அதனால் இந்த அளவுக்கு மேல் போக வேண்டாம். சாற்றைக் கரண்டியில் எடுத்து ருசி பாருங்கள், கொஞ்சம் உப்புத் தூக்கலாகத் தெரிய வேண்டும், நூடுல்ஸ் உறிஞ்சியபின் சரியாகிவிடும்.

கொதிக்கும் சாற்றில் நூடுல்ஸைப் போட்டதும் முதல் ஒரு நிமிஷம் எல்லாம் தவறிப்போனதுபோல இருக்கும். வாணலி நிறையத் தண்ணீர், நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி. பதற வேண்டாம். இரண்டு கைகளிலும் இரண்டு கரண்டி எடுத்து, அடியிலிருந்து தூக்கித் தூக்கி விடுங்கள், கிண்டாதீர்கள், கிண்டினால் இழை உடையும். வெள்ளை நிறம் மெல்ல மாறித் தேன் நிறம் ஏறும். இழைகள் பருத்து, ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து பளபளக்கும். சாறு இருக்கும்வரை தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். அது சட்டென்று மாறி, வாணலியின் அடியில் எண்ணெய் சடசடக்கும் சத்தம் வரும். அதுதான் பதம். அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் கிச்சனில் லூசான் தீவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் காதைக் கொடுத்து நிற்பார், கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். இந்த நேரத்தில் போன் வந்தாலும் எடுக்காதீர்கள். அப்போதும் உள்ளே நறுக்கென்று இருந்தால் இன்னும் அரைக் கரண்டி சாறு தெளித்து ஒரு நிமிஷம் விடுங்கள். பிறகு எடுத்துவைத்த கறியையும் காய்களையும் போட்டு இரண்டு பிரட்டுப் பிரட்டி, அடுப்பை அணைத்து, வறுத்த பூண்டும் வெங்காயத்தாளும் தூவி, அவித்த முட்டையை நாலாக வெட்டி அடுக்குங்கள்.

கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், கரம் மசாலா எதுவும் வேண்டாம். நம் கை தானாகவே மசாலா டப்பாவுக்குப் போகும், தடுத்து நிறுத்துங்கள். போட்டால் ருசியாகவே இருக்கும், ஆனால் அது மசாலா நூடுல்ஸாகிவிடும், நாம் சொல்ல வந்த கதை அதில் இருக்காது. காரம் வேண்டும் என்பவர்களுக்கு அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் சோயா சாஸும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பக்கத்தில் வைப்பார்கள், வேண்டியவர்கள் மேலே விட்டுக்கொள்ளலாம். அங்கே கலமான்சி என்ற சின்னக் காயைப் பிழிவார்கள், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலுமிச்சையின் புளிப்போடு கமலா ஆரஞ்சின் மணம் சேர்ந்து இருக்கும். நமக்கு எலுமிச்சை போதும். பிழிவது தட்டில் போட்ட பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது கூடாது.

நூடுல்ஸை வெட்டாமல் நீளமாகவே பரிமாறுங்கள். நீளமான இழை நீண்ட ஆயுசைக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறந்தநாளுக்குக் கட்டாயம் பன்சித் வைப்பது அதனால்தான். கேக் இல்லாவிட்டாலும் பன்சித் இருக்கும். லுக்பான் என்ற ஊரில் ஒரு வகைப் பன்சித்தை வாழை இலையில் வைத்து, கையோ கரண்டியோ படாமல், இலையை வாய்க்குத் தூக்கியே சாப்பிடுவார்கள். அந்த ஊரில் மே 15 அன்று உழவர்களைக் காக்கும் புனிதர் இசிதோருக்குத் திருவிழா எடுத்து, விளைந்ததையெல்லாம் வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். அரிசி மாவை இலைமேல் பூசி எடுத்த வண்ண வண்ண வடகங்களால் வீட்டை மூடிவிடுவார்கள். இதைச் சொன்னபோது என் வீட்டுப் பெரியவர்கள் நம் ஊர்ப் பொங்கலைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டார்கள்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பற்றி ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் கடைகளில் பிஹோன் என்று விற்கும் பாக்கெட்டுகளில் பல, அரிசியில் இல்லை, மக்காச்சோள மாவுச்சத்தில் செய்தவை. நம் மக்காச்சோளமோ பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அரிசி நூடுல்ஸ் செய்கிற நாடுகளில் ஆலையில் உடைந்த நொய்யரிசியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள், இழுவைக்கு மரவள்ளி மாவும் சேர்ப்பார்கள். நொய் கள்ளக்குறிச்சி ஆலைகளில் கிடக்கிறது. மரவள்ளி கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளைந்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மூன்று சரக்கும் ஒரே மாவட்டத்தில் இருக்க, நாம் எங்கோ செய்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டில் சேர்த்த காசை எதில் போடுவது என்று யோசிக்கிறவர்களும், மகளிர் குழு நடத்துகிறவர்களும் இதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம். மனைக்கட்டு வாங்கிப் போடுவது மட்டும்தான் முதலீடு என்று இருந்துவிட வேண்டாம்.

கடைசியாக, ஊர்ப் பேச்சு. “ஆம்பளைக்கு அடுப்படியில என்னடா வேலை?” என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் வெளிநாடு போகாதவராக இருப்பார், போய் வந்தவருக்கு அந்தக் கேள்வி வராது. கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் மாஸ்டர்கள் ஆண்கள், ஹோட்டலில் பரோட்டா வீசுகிறவர்கள் ஆண்கள், கோயில் அன்னதானத்துக்கு அண்டா கிண்டுகிறவர்கள் ஆண்கள். கூலிக்கும் சாமிக்கும் சமைக்கிற கை, பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேளை சமைத்தால் என்ன குறைந்துவிடும்? அதிலும் உங்கள் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு அவனும் ஒரு ரூமில், முன்பின் தெரியாதவர்களோடு தங்கப்போகிறவன். மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் டாவோவுக்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். அவன் அடுப்பைக் கற்றுக்கொள்வது நாலு சுவருக்குள் தனியாகத் தவிக்கும்போதா, உங்கள் பக்கத்தில் நின்றா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முடிவு செய்யலாம்.

உங்கள் போனில் கபயான் ஒருவருடைய நம்பராவது இன்னும் இருக்கும். சனிக்கிழமை இரவே அவரைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் பன்சித் எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். நான் சொன்னதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொன்னதையே செய்யுங்கள். மறுநாள் காலையில் நீங்களே கடைக்குப் போய், நீங்களே அரிந்து, நீங்களே சமைத்து, வீட்டில் இருக்கும் பெண்களை முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, ரூமில் இருந்தபோது செய்ததுபோலவே, அந்த வாணலியையும் தட்டுகளையும் நீங்களே தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அதே ரூம்களில் இருந்துவிட்டு வந்த
நைனார்பாளையத்துக்காரன்